பல்கலைக்கழகம் சென்ற பிள்ளைக்கு ஒரு துணை

இடம்பெயர்ந்த நம் குடும்பங்களில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் புகுவது ஊருக்கே மகிழ்ச்சி. அனுமதி கிடைத்ததும் பாரம் இறங்கிவிட்டதென நாம் எண்ணுகிறோம். பிள்ளைக்கோ முதலாம் ஆண்டில்தான் பாரம் ஏறுகிறது. சிலர் ஒருவருக்கும் சொல்லாமல் படிப்பை விட்டுவிடுகின்றனர்.

ஏன் பின்தங்குகிறார்கள்?

மருத்துவம், பொறியியல், விவசாயம் போன்ற துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், 5 இடங்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. ஆசிரியரும் ஆய்வுகூடமும் இல்லாத பாடசாலைப் பிள்ளைகளுக்கு இது நியாயமான வாசல். ஆனால் உள்ளே எல்லோருக்கும் ஒரே பரீட்சை. தமிழில் உயர்தரம் கற்றவர் அங்கே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிறார். “கோட்டாவில் வந்தவர்” என்ற ஏளனமும் சேர்ந்தால், “எனக்கு மூளை இல்லை” என்று நம்பிவிடுகிறார். குறைந்தது மூளையல்ல, கிடைத்த வாய்ப்பே.

உளவளத்துணை என்றால் என்ன?

பல்கலைக்கழகங்களில் மாணவர் ஆலோசகர்களாக விரிவுரையாளர்கள் நியமிக்கப்படுகின்றனர். அவர்களிடம் போவது பைத்தியத்துக்கு மருந்தெடுப்பது அல்ல. அவர்கள் பிள்ளை சொல்வதைப் பொறுமையாகக் கேட்பர். எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் தடக்குகிறது என்று கண்டறிவர். நேர அட்டவணை போட உதவுவர். ஆங்கில வகுப்புக்கும், தேவையானால் வைத்தியரிடமும் வழிப்படுத்துவர். பணக்கஷ்டமாயின் மகாபொல, பேர்சரி பற்றி விளக்குவர். பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம், அதையும் முறையிடலாம்.

பெற்றோர் செய்யக்கூடியவை

1. “பாஸா, பெயிலா?” என்று கேட்குமுன், “சாப்பிட்டியா? நித்திரை வருதா? ஆரோடை கதைக்கிறாய்?” என்று கேளுங்கள்.

2. “உனக்காகக் காணியை ஈடு வைத்தோம்” என்று அடிக்கடி சொல்லாதீர்கள். அது பிள்ளையின் வாயை அடைத்துவிடும்.

3. ஒரு பாடம் தவறினால் மீண்டும் தோற்றலாம். அதைச் சொல்லித் தைரியப்படுத்துங்கள்.

4. பிள்ளை வீட்டுக்கு வராமல், பேசாமல், உண்ணாமல் ஒதுங்கினால் காத்திராமல் நேரில் போய்ப் பாருங்கள். மாணவர் ஆலோசகரைச் சந்திக்கவும் உங்களுக்குத் தயக்கம் வேண்டாம்.

மிளகாய்க் கன்றைப் பிடுங்கி நட்டால் சில நாள் வாடும். கன்று பழுதென்று நாம் எறிவதில்லை. மறைப்புக் கட்டி, தண்ணீர் வார்த்து, வேர் பிடிக்கும்வரை பார்க்கிறோம். பிள்ளைக்கும் அவ்வளவு பொறுமை வேண்டும்.

குழுவாகச் சிந்திக்க

1. நம் ஊரிலிருந்து சென்ற மாணவர்களை யார் விசாரிக்கிறார்கள்?

2. மூத்த மாணவர்களைக் கொண்டு, புதிதாகப் போவோருக்கு விடுமுறையில் ஆங்கில வகுப்பு நடத்த முடியுமா?