குளூட்டன் இல்லை என்றால் அலர்ஜியும் இல்லையா?

“லூபின் மாவில் குளூட்டன் கிடையாது. அதனால் அலர்ஜி இருக்கிறவர்களும் பயமில்லாமல் சாப்பிடலாம்.” கொஞ்ச காலமாக இந்தச் செய்தி ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழு வழியாக என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. அனுப்புகிறவர்களில் பலர் வீட்டிலேயே கேக்கும் குக்கீஸும் செய்து விற்பவர்கள். நல்லெண்ணத்தோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால், இதில் முதல் வாக்கியம்தான் சரி. இரண்டாவது வாக்கியத்தை நம்பினால் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டி வரும். இரண்டையும் ‘அதனால்’ போட்டு ஒட்டவைத்தவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லூபின் என்பது ஒரு பயறு. வேர்க்கடலை, சோயா, துவரை எல்லாம் இருக்கும் அதே அவரைக் குடும்பம். உலகில் விளையும் லூபினில் பெரும்பகுதி மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களுக்கு நடுவே, மணல் பாங்கான நிலங்களில் விளைகிறது. நீண்ட காலம் அது பெரும்பாலும் ஆடு மாடுகளுக்கான தீவனம். இப்போது மாவாகவும் குருணையாகவும் பாக்கெட்டில் அடைத்து, மாவுச்சத்தைக் குறைக்க விரும்புகிறவர்களுக்கு விற்கிறார்கள். அந்த விளம்பரத்தில் பொய் இல்லை. மைதாவில் 100 கிராமுக்கு 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. லூபின் மாவில் அது மிகச் சொற்பம். அதற்குப் பதிலாகப் புரதம் ஏறத்தாழ 40 கிராம், நார்ச்சத்தும் அதற்குச் சற்றே குறைவாக இருக்கிறது. அந்தப் புரதத்தில்தான் சிக்கல். ஒவ்வாமையைக் கிளப்புவது உணவில் உள்ள புரதம். புரதம் மிகுந்த ஒரு மாவைக் கையில் கொடுத்துவிட்டு, ‘அலர்ஜிக்கு இது பாதுகாப்பு’ என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள புரதம். குளூட்டனைச் சாப்பிட்டால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயாளிகள் அதைத் தவிர்க்க வேண்டும். கோதுமை அலர்ஜி உள்ளவர்கள் கோதுமையைத் தவிர்க்க வேண்டும். வேர்க்கடலை அலர்ஜிக்கும் குளூட்டனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. லூபினின் புரதங்களுக்குக் கான்குளூட்டின் என்று பெயர். அவற்றில் ஒன்று, வேர்க்கடலையில் ஒவ்வாமையைத் தூண்டும் முக்கியமான புரதம் ஒன்றோடு அமைப்பில் நெருங்கிய உறவுள்ளது. வேர்க்கடலைக்கு எதிராக உடம்பு தயாரித்து வைத்திருக்கும் எதிர்ப்பொருள் லூபினையும் கடலை என்றே எடுத்துக்கொண்டு பாயக்கூடும். அரிப்பு, தடிப்பு, உதடும் கண்ணும் வீங்குதல், வாந்தி, மூச்சுத் திணறல் என்று போய், சிலருக்கு ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

இது கற்பனை பயம் அல்ல. 1994-லேயே அமெரிக்காவில் இது மருத்துவ இதழில் பதிவானது. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத 5 வயதுச் சிறுமி, லூபின் மாவு சேர்த்த பாஸ்தாவைச் சாப்பிட்டுவிட்டு உடம்பெல்லாம் தடித்து வீங்கிப்போனாள். பிரான்ஸில் 1997-ல் கோதுமை மாவோடு லூபின் மாவைக் கலக்க அனுமதி கொடுத்தார்கள். இரண்டே ஆண்டில், வேர்க்கடலை அலர்ஜி உள்ள 24 பேரிடம் அங்கு நடந்த ஆய்வில், பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு லூபின் தோல் சோதனையில் தடித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் லூபினைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் சேர்த்தது. லூபின் விளையும் ஆஸ்திரேலியாவே 2017-ல் நியூசிலாந்தோடு சேர்ந்து அதைச் செய்தது. 2018 மே மாதக் கடைசியிலிருந்து அங்கே லேபிளில் போடாமல் விற்கக் கூடாது. அதை விளைவித்து விற்றுச் சம்பாதிக்கிற நாடே எச்சரிக்கை போடச் சொல்லும்போது, நம் குழுக்களில் ‘பயமில்லாமல்’ என்று எழுத எங்கிருந்து துணிவு வருகிறது?

வேர்க்கடலை அலர்ஜி உள்ள எல்லோருக்கும் லூபின் ஆகாது என்று நான் சொல்லவில்லை. தோல் சோதனையில் தடித்தவர்களிலும் பலர் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாமல் இருப்பதுண்டு. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதை அலர்ஜி மருத்துவர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். “ஒரு துண்டு கொடுத்துப் பார்க்கலாமா?” என்று கேட்காதீர்கள். கூடாது. அட்ரினலின் ஊசியும் மருத்துவரும் பக்கத்தில் இல்லாத இடத்தில் அந்தச் சோதனையை நடத்தவே கூடாது. வேர்க்கடலை அலர்ஜி இல்லாதவர்களுக்கும் லூபின் நேரடியாக ஒவ்வாமை தந்ததுண்டு. மாவைச் சுவாசித்தே இருமலும் மூச்சிரைப்பும் வந்த தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வுகளும் இருக்கின்றன. ஆகவே, அலர்ஜி உள்ள குழந்தை இருக்கும் வீட்டில், மூடிய அடுக்களையில் இந்த மாவைச் சலிக்காதீர்கள்.

இதன் வால் போல இன்னொரு வதந்தி: “அவனில் வைத்து வேகவைத்தால் அலர்ஜி போய்விடும்.” போகாது. அவனை 180 டிகிரிக்குத் திருப்பிவைத்தாலும் கேக்கின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை, உள்ளே ஈரம் இருப்பதால். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் லூபினை வேகவைத்தும் மைக்ரோவேவில் வைத்தும் பார்த்தார்கள், அதன் ஒவ்வாமைத் தன்மை பெரிதாகக் குறையவில்லை. உயர் அழுத்தத்தில் 138 டிகிரி நீராவியில் 20 முதல் 30 நிமிடம் வைத்த பிறகுதான் பெரிதாகக் குறைந்தது. அந்த வேலை எந்த வீட்டு அவனிலும் நடக்காது.

சரி, சீலியாக் உள்ளவர்களாவது நிம்மதியாக வாங்கலாமா? பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. மேற்கு ஆஸ்திரேலிய விவசாயி ஒரு வருடம் கோதுமை போட்ட அதே நிலத்தில் மறுவருடம் லூபின் போடுகிறார். லூபின் வேர் மண்ணுக்குத் தழைச்சத்து தருவதால் அவருக்கு அது லாபம். ஆனால் அறுவடை இயந்திரமும் லாரியும் கிடங்கும் ஒன்றுதான். எங்கேயோ கோதுமை கலந்துவிடும். சோதித்து, ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்ட மாவைத்தான் அவர்கள் வாங்க வேண்டும். பன்னாட்டு உணவு நியமம் கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டன் வரை அனுமதிக்கிறது; ஆஸ்திரேலியச் சட்டமோ கண்டறியும் அளவுக்கே இருக்கக் கூடாது என்கிறது. இன்னொன்று: கடையில் ‘லூபின் பிரெட்’ என்று விற்பதில் பெரும்பாலும் கோதுமைதான் அடிப்படை. பெர்த் நகரில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்த புகழ்பெற்ற ஆய்வில் சாப்பிடக் கொடுத்ததும் கோதுமை பிரெட்தான், 40 விழுக்காடு மாவுக்குப் பதிலாக லூபின் சேர்த்தது. ‘லூபின்’ என்ற சொல்லைப் பார்த்ததும் சீலியாக் நோயாளிக்கு வாங்கிக் கொடுப்பவர்களை என்ன சொல்வது!

அந்த ஆய்வைச் சுற்றித்தான் அடுத்த நம்பிக்கை: “உடல் எடையும் சர்க்கரையும் தானாக இறங்கும்.” 2006-ல் வெளியான அந்த முடிவு, லூபின் பிரெட் சாப்பிட்டவர்களுக்குப் பசி சீக்கிரம் அடங்கியது, அடுத்த வேளை குறைவாகச் சாப்பிட்டார்கள் என்பதுதான். அதே குழுவினர் பிறகு ஓராண்டு தொடர்ந்து பார்த்தபோது எடையில் வித்தியாசம் தெரியவில்லை. ரத்த அழுத்தம் கொஞ்சம் மேம்பட்டது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் 8 வாரம் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை அளவு குறிப்பிடும்படி மாறவில்லை. நல்ல உணவு என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

அடுத்தது ஒரு சமையல் குறிப்பு: “ஒரு கப் மைதாவுக்கு ஒரு கப் லூபின் போட்டால் போதும்.” இது உயிரை எடுக்காது, முட்டையையும் வெண்ணெயையும் வீணாக்கும். கடலை மாவின் மஞ்சள் நிறத்தில் இருக்கும் இந்த மாவு, கலக்கும்போது தளர்வாகத்தான் தெரியும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நார்ச்சத்து தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு, கரண்டி அப்படியே நிற்கும். பிடித்து வைக்க குளூட்டனும் இல்லை, இறுக மாவுச்சத்தும் இல்லை. வெளியே கருஞ்சிவப்பாகி, உள்ளே சொதசொதவென்று இருக்கும். மறுநாள் கத்தி பட்டால் உதிரும். நாக்கின் அடியில் ஒரு மெல்லிய கசப்பு தங்கும். மொத்த மாவில் கால் பங்கு லூபின், மீதி பாதாம் மாவு, கூடுதலாக ஒரு முட்டை, ஒரு ஸ்பூன் இசப்கோல் என்று ஆரம்பியுங்கள். கலவையைக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுப் பதம் பார்த்த பிறகு டின்னில் ஊற்றுங்கள். பாதாமும் அலர்ஜிப் பட்டியலில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இது வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு. இத்தாலிய, கிரேக்க மளிகைக் கடைகளில் காய்ந்த லூபின் பருப்பு மலிவாகக் கிடைக்கிறது, வாங்கி மிக்ஸியில் அரைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை உலவுகிறது. செய்யாதீர்கள். அது பல சமயம் கசப்பு ரகம். அதில் லூபனின், ஸ்பார்டீன் போன்ற நஞ்சு உண்டு. மத்தியதரைக் கடல் நாட்டு மக்கள் அதை வேகவைத்து, நாள்கணக்கில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துக் கசப்பை எடுத்த பிறகே சாப்பிடுகிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவிலேயே கசப்பு லூபின் மாவைச் சாப்பிட்டு நஞ்சேறிய இருவரைப் பற்றி 2009-ல் அந்நாட்டு மருத்துவ இதழ் எழுதியது. வாய் உலர்ந்து, கண் பாவை விரிந்து, பார்வை மங்குவது இதன் அடையாளம். கடையில் மாவாக வருவது பொதுவாக இனிப்பு ரகம். ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி அந்த நஞ்சு குறைந்த ரகத்தை உருவாக்கி 1967-ல் வெளியிட்ட பிறகுதான் லூபின் அங்கே பெரும் பயிரானது. கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இந்த நஞ்சு இருக்கக் கூடாது என்பது அங்குள்ள சட்டம்.

இந்தியாவில் நிலைமை என்ன? உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2020-ல் வெளியிட்ட லேபிள் விதிகளில் வேர்க்கடலை, பால், முட்டை, மீன், சோயா எல்லாம் ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கின்றன. லூபின் இல்லை. உள்ளடக்கப் பொருள்களின் வரிசையில் பொடி எழுத்தில் அதன் பெயர் வரும், தனி எச்சரிக்கையாக வர வேண்டிய கட்டாயம் இல்லை. பட்டியலில் லூபினைச் சேர்க்க வேண்டும், எச்சரிக்கையை மாநில மொழியிலும் அச்சிட வேண்டும் என்று ஆணையத்துக்கு எழுதுங்கள். நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் செய்து விற்பவர்கள் விதி மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ‘இதில் லூபின் மாவு இருக்கிறது, வேர்க்கடலை அலர்ஜி உள்ளவர்கள் சாப்பிட வேண்டாம்’ என்று பெட்டியின் மேலேயே, மூடியைத் திறக்கும் முன் கண்ணில் படும் இடத்தில், பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். பிறந்தநாள் ஆர்டர் வந்தால், விருந்துக்கு வரும் குழந்தைகளில் யாருக்காவது கடலை ஆகாதா என்று கேட்டுவிட்டு மாவை எடுங்கள்.