ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்புற தங்கச்சிக்கு

அம்முணி, பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி நம்ம அமுச்சியைக் குளிப்பாட்டிப் பழகு. வேடிக்கைக்குச் சொல்லல.

தாராபுரமோ கோயமுத்தூரோ, நம்ம ஆஸ்பத்திரியில நோயாளியைத் துடைக்கிறது, சோறு ஊட்டுறதெல்லாம் கூட இருக்கிற சொந்தக்காரங்க வேலை. ஜெர்மனியில வார்டுல துணைக்கு யாரும் தங்க மாட்டாங்க. எல்லாம் நர்ஸ் கையில. ரத்தம் எடுக்கிறது, நரம்புல ஊசி போடுறது அங்கே பெரும்பாலும் டாக்டர் வேலை. நாலு வருசம் பிஎஸ்சி படிச்சது பேம்பர்ஸ் மாத்தவான்னு நானும் அழுதேன். அப்புறம்தான் பிடிபட்டுச்சு: படுக்கைப்புண் ஆரம்பிக்கிறதும், மூச்சு இளைக்கிறதும், மனசு விட்டுப் போனதும் அந்தக் குளியல் நேரத்துலதான் தெரியுது. திரையை இழுத்து விடு, கேட்டுட்டுத் தொடு. மூஞ்சியை நோயாளியே கழுவ முடிஞ்சா துணியை அவர் கையில கொடு. பாசத்துல நாமளே எல்லாம் செஞ்சுட்டா, தன்னை முடமாக்கிட்டாங்கன்னு நினைப்பாங்க.

வயசானவங்களை 'ஓப்பா', 'ஓமா'ன்னு கூப்பிட்டுராத. தாத்தா, பாட்டின்னு அர்த்தம்; நமக்கு மரியாதை, அவங்களுக்கு அவமானம். ஹெர், ஃப்ராவ் போட்டுக் குடும்பப் பேரைச் சொல்லு, 'ஸீ'ன்னு பேசு. அதுதான் அவங்க 'ங்க'.

ஜெர்மன் மொழியில பி2 பரீட்சை பாஸ் பண்ணிட்டோம்னு தெனாவெட்டா பவேரியாவுல இறங்கினேன். 'குட்டன் டாக்' சொன்னா 'க்ரூஸ் காட்'னு பதில் வருது. புஸ்தகத் தமிழ் படிச்சவன் மூலனூர்ல இறங்கி 'போச்சாது போ'ன்னு கேட்டா முழிப்பானில்ல, அந்தக் கதைதான். புரியலைன்னா புரியலைன்னு சொல்லு. தலையாட்டினா மருந்து மாறிப்போகும்.

ஏஜென்ட் விசயத்துல கறாரா இரு. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம்னு அரசு வெச்ச உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை யார்கிட்டயும் விட்டு வைக்காத. என்கூடப் படிச்சவ ஒருத்தி ஒரு புரோக்கர்கிட்ட கொடுத்துட்டுத் திருப்பி வாங்கறதுக்குள்ள நொந்துபோனா. 1978-ல தமிழக அரசு ஆரம்பிச்ச அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில இருக்கு, முதல்ல அங்கே விசாரி.

அம்மா நெய்ச் சொம்பைத் தூக்கிட்டு வரும், வாங்காத. ஐரோப்பாவுக்குள்ள நெய், பால்கோவா, கறி எதுவும் விட மாட்டாங்க. பச்சைக் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் அப்படித்தான். தேங்காய் கொண்டு போகலாம். உள்ளே போட காட்டன் பனியன் திருப்பூர்ல அள்ளிக்க, கோட்டை அங்கே வாங்கு.

ஞாயித்துக்கிழமை கடை திறக்காது. எனக்கு முதல் ஞாயிறு வெறும் பிரெட்டோட போச்சு. ராத்திரி பத்துக்கு மேல மிக்ஸி ஓட்டாத.

ரொம்ப ஊர் ஞாபகம் வந்தா, ஈழத்தமிழர்கள் ஹம்ம் நகரத்துல கட்டி 2002-ல குடமுழுக்கு நடத்தின காமாட்சி அம்மன் கோயில் இருக்கு. பவேரியாவுல இருந்து ரயில்ல தூரம்தான், ஆனா கோபுரத்தைப் பார்த்தா போதும்.

தினமும் கூப்பிடு. நம்மூரை விட அங்கே மூணரை மணி நேரம் பின்னாடி. அக்டோபர் கடைசி ஞாயித்துல இருந்து நாலரை.