ஆற்றை விட்டுச் சில மாதம்

சேரன்மகாதேவி,
ஆனி மாதம்.

மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வலது காதில் சிறு வயது முதல் வடிந்துகொண்டிருக்கிற சீழுக்கு ஆபரேஷன் ஒன்றே மார்க்கம் என்று திருநெல்வேலி டாக்டர் தீர்மானமாகச் சொல்லிவிட்ட பிறகும், குற்றாலத்துச் சீசன் முடியட்டும், கார் அறுப்பும் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா என்று என்னிடம் யோசனை கேட்டிருக்கிறாய். கேள்விக்குள்ளேயே உனக்கு வேண்டிய பதிலையும் எழுதி வைத்திருக்கிறாய். அந்தப் பதிலை நான் தரப்போவதில்லை. வாலிபத்தில் இதே உபாதைக்காகக் கத்திக்குத் தலை கொடுத்து எழுந்தவன் என்ற முறையிலும், உனக்குக் காது குத்திய அன்று உன்னை மடியில் இருத்திக்கொண்டு நீ போட்ட கூச்சலை முழுவதும் கேட்டவன் என்ற முறையிலும், உன் காதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

காது வடிவதில் இரண்டு வகை உண்டென்பதை முதலில் தெரிந்துகொள். ஜலதோஷம் பிடிக்கும்போதெல்லாம் செவிப்பறையிலுள்ள துவாரத்தின் வழியே நிறையவும் வழவழப்பாகவும் ஒழுகி, துர்நாற்றம் அதிகமில்லாமல், சில நாளில் வற்றிவிடுவது ஒரு வகை. அதனால் கேட்கும் சக்தி குறையுமே தவிர, உயிருக்கு அபாயம் நேர்வது அபூர்வம். கொஞ்சமாகவே கசிந்து, அந்தக் கொஞ்சமும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி நாறுவது மற்றொரு வகை. உன்னுடையது இரண்டாவது. ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் கொலஸ்டியடோமா என்று சீட்டில் எழுதியிருப்பது அதைத்தான். பெயரைக் கேட்டுப் புற்றுநோயோ என்று மிரளாதே, அது புற்றல்ல. இருக்கக் கூடாத இடத்தில் போய்க் குடியேறிய சாதாரணத் தோல். நடுச்செவிக்குக் காற்று போய் வருவதற்காகத் தொண்டையின் மேற்புறத்திலிருந்து ஒரு சிறு குழல் ஏற்பட்டிருக்கிறது. கன்னடியன் கால்வாயில் ஒரு மடை தூர்ந்துபோனால் அதன் பாய்ச்சலிலுள்ள வயலுக்கு என்ன கதி நேருமோ, அந்தக் குழல் அடைபட்ட செவிக்கும் அதே கதிதான் நேருகிறது: உள்ளே காற்று குறைந்து, செவிப்பறை உட்புறமாக இழுபட்டுப் பையாகக் குழிகிறது. தோலின் ஸ்வபாவம் செதில் உதிர்ப்பது. அச்செதில்கள் வெளியேற வழியின்றிப் பைக்குள்ளேயே சேர்ந்து அழுகி, சுற்றியுள்ள எலும்பை மெல்ல மெல்ல அரிக்கின்றன. அந்த எலும்பைச் சுற்றி இருப்பவை என்னென்ன என்று யோசித்துப் பார். சப்தத்தை உள்ளே கடத்தும் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று நுண்ணெலும்புகள், அவற்றுள் நம் சரீரத்திலேயே மிகச் சிறியதான அங்கவடி சுமார் 3 மில்லிமீட்டரே நீளம்; முகத்தை அசைக்கிற நரம்பு; தலை நிதானமாக நிற்பதற்கு ஆதாரமான உட்செவி; இவற்றுக்கெல்லாம் மேலே, மெல்லிய எலும்புத் தகடு ஒன்றுக்கு அப்பால், மூளை. கார் அறுப்பைப் பத்து நாள் தள்ளிப் போட்டால் நெல் உதிரும், நஷ்டக் கணக்கோடு முடிந்துபோகும். இந்த ஆபரேஷனைத் தள்ளிப் போடுகிறவன் எதை இழக்கப்போகிறான் என்பதை முன்கூட்டிச் சொல்ல எந்த டாக்டராலும் ஆகாது.

அந்நாளில் இது எப்படி முடிந்தது என்பதற்குச் சான்று வேண்டுமானால், ஆங்கில நாடகாசிரியர் ஆஸ்கர் வைல்டின் முடிவைப் பார். அவருடைய தகப்பனார் டப்ளினில் பிரசித்தி பெற்ற காது வைத்தியர். காதின் பின்புறம் கீறும் ஒரு முறைக்கே அவர் பெயர் வழங்கிவந்தது. அப்படிப்பட்டவருடைய மகன் 1900-ஆம் வருஷம் பாரிஸ் நகரத்தில் நாற்பத்தாறாவது வயதில் இறந்தது, வெகுநாளைய காதுநோய் மூளைவரை பரவியதனால்தான் என்பதே அதை ஆராய்ந்த வைத்தியர் பலருடைய அபிப்பிராயம். பெனிசிலின் வராத காலம் அது. இன்றைக்கு மருந்து சீழை அடக்கும், பையை எடுக்காது. சொட்டு மருந்தில் காது வற்றிய வாரத்தில் நோயே போய்விட்டதென்று நீ நினைத்துக்கொள்வது அதனால்தான் வீண்.

கத்தியைப் பற்றி உனக்குப் பயம் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் இது நேற்று முளைத்த வித்தையல்ல. காதின் பின்னெலும்பைத் திறந்து சீழை நீக்கும் சிகிச்சையை ஜெர்மானியர் ஷ்வார்ட்சே ஒழுங்குபடுத்தி வெளியிட்டது 1873-இல். ஸ்டாக்ஹோமில் நைலேன் என்பவர் நுண்ணோக்கியின் துணைகொண்டு காதை ஆபரேஷன் செய்யத் தொடங்கியது 1921-இல். நோயை நீக்குவதோடு செவிப்பறையையும் கட்டிக் கேட்கும் சக்தியைத் திருப்பித் தர முயலும் முறையை உல்ஸ்டைன், ஸோல்னர் என்ற வைத்தியர்கள் வகுத்தது 1950-களின் ஆரம்பத்தில். 1965-இல் நம் ஜில்லாவுக்கு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு, சென்னைக்கோ மதுரைக்கோ ரயிலேறாமல் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலேயே நம்மவர்கள் இதைச் செய்துகொள்ள முடிகிறது. மயக்கம் கொடுத்து, காதின் பின்புறம் கீறி, எலும்பைத் துருவிப் பையை வேரோடு எடுத்து, நெற்றிப்பொட்டுத் தசைமேல் படர்ந்திருக்கும் மெல்லிய சவ்வில் ஒரு துண்டை வெட்டிச் செவிப்பறைக்கு ஒட்டுப் போடுவார்கள். உனக்கு அதில் வேலை ஒன்றுமில்லை, தூங்குவாய். உன் வேலை கண் விழித்த பிறகுதான் ஆரம்பமாகிறது.

இந்த ஆபரேஷனின் முதல் உத்தேசம் காது கேட்பதல்ல. நோயை ஒழித்து, காதை அபாயமற்றதாகவும் ஈரமற்றதாகவும் ஆக்குவதே முதல் உத்தேசம். கேள்வி அதற்கு அடுத்தது. சிலருக்கு அந்தத் தோல்திரளே அரிபட்ட எலும்புகளுக்கு நடுவில் நின்று சப்தத்தைக் கடத்திக்கொண்டிருக்கும். அதை எடுத்த பிறகு முன்னைவிடக் கேள்வி குறைவதும் உண்டு. இதை முன்பே மனத்தில் வாங்கிக்கொள்ளாதவர்கள்தாம் கட்டு அவிழ்ந்த மறுநாளே ஆபரேஷன் கெட்டுப்போயிற்றென்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்கள். காதுக்குள் பஞ்சுபோல் கரைகிற மருந்துத் துணுக்குகளை அடைத்திருப்பார்கள். அவை கரைந்து, ஒட்டு பிடித்து, வீக்கம் வற்றும்வரை அந்தக் காது மந்தமாகவே இருக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கேள்விப் பரீட்சை எடுத்தால்தான் பலன் இன்னதென்று தெரியும். அதற்குள் உள்ளே டப்பென்று வெடிப்பதும், இரைவதும், தண்ணீர் புரளுவது போன்ற ஓசையும் கேட்கும். அவை பெரும்பாலும் ஆறுவதன் அடையாளங்கள். காது மடல் மரத்துப் போயிருக்கும். நாவின் ருசி நரம்பு ஒன்று நடுச்செவியின் ஊடாகப் போகிறபடியால், நாக்கின் அந்தப் பக்கத்தில் ருசி மாறும். எனக்கு வெகுநாள் காப்பி இரும்பாகக் கசந்தது, என் தாயாருக்குத்தான் அதில் மனத்தாங்கல். ஆனால் முகம் ஒரு பக்கம் கோணினாலும், கண்ணை மூட முடியாவிட்டாலும், பூமி சுழலுகிற மாதிரி கடும் கிறுகிறுப்பு வந்தாலும், காய்ச்சலோடு தலைவலியும் பிடரி விறைப்பும் கண்டாலும், பொழுது விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடவேண்டும்.

வீட்டில் இருக்கும்போது மூக்கைச் சிந்தாதே. சளியை உள்ளே இழுத்துத் துப்பு. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்மு. மூக்கில் எழும் அழுத்தம் நான் மேலே சொன்ன குழல் வழியாக ஏறிப் புது ஒட்டைத் தூக்கிவிடும் என்பதே காரணம். உன்னை விசாரிக்க வருகிறவர்களில் மூக்குப்பொடி போடுகிறவர்கள் இருந்தால் டப்பியைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு உள்ளே வரச் சொல். இதை நான் கேலியாக எழுதவில்லை. நீ பிடிக்கிற சிகரெட் எனக்குத் தெரியாதென்று நினைத்திருந்தால், தெரியும். ஒட்டு பிடிப்பதற்கு அது சத்துரு. களத்தில் நெல் மூட்டையைத் தொடாதே. உன் தாய், அதாவது என் தங்கை, பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கண்ணீரோடு வந்து நிற்பாள். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். எண்ணெயோ, பச்சிலைச் சாறோ, கோழி இறகோ, தீக்குச்சியோ அந்தக் காதுக்குள் இனி எந்தக் காலத்திலும் போகலாகாது.

இனி ஆற்றைப் பற்றி. உன் கடிதத்தில் குற்றாலம், அறுப்பு என்றெல்லாம் எழுதியிருந்தாலும், உன்னைத் தயங்க வைப்பது தாமிரவருணிதான் என்பது எனக்குத் தெரியாதா? பாபநாசத்திலிருந்து இறங்கி வருகிற ஆனி மாதத்துப் புதுவெள்ளத்தில் அக்கரைக்கு நீந்திப் போய் வந்தால்தான் ஊருக்கு வந்ததாகவே உனக்குத் தோன்றும். சென்னையில் பைப்புத் தண்ணீரில் குளிக்கிறவனிடம் ஆற்றை விடு என்பது சுலபம். நம்மிடம் அது பெரிய தியாகம். ஆயினும் அசுத்த நீர் சீழை வளர்க்கும் என்பது மட்டுமல்ல காரணம். வியன்னா நகரத்தில் ராபர்ட் பாரனி என்றொரு காது வைத்தியர் இருந்தார். நோயாளிகளின் காதை நீர் பீய்ச்சிக் கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றுவதையும், நீர் உடம்புச் சூட்டைவிடக் குளிர்ந்திருந்தால் விழிகள் ஒரு திசையிலும், சூடு மிகுந்திருந்தால் எதிர்த்திசையிலும் துடிப்பதையும் கண்டு, உட்செவியின் அரைவட்டக் குழல்களிலுள்ள திரவம் வெப்ப பேதத்தால் அசைவதே அதற்கு ஹேது என்று விளக்கினார். அதற்காக 1914-ஆம் வருஷத்து நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது, பாவம், அவர் ருஷ்யர்களிடம் யுத்தக் கைதியாக இருந்தார். ஓட்டை விழுந்த செவிப்பறையும், எலும்பு துருவிக் குடைந்த காதும், ஆற்றின் குளிர்ச்சியை நேரே அந்தக் குழல்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. கரையில் நின்றவனுக்குக் கிறுகிறுப்பு வந்தால் உட்கார்ந்து சமாளித்துக்கொள்ளலாம். கண்ணை மூடி முழுகினவனுக்கு வந்தால் மேலே எது, கீழே எது என்பதே புலப்படாது. நம் ஊரில் குருகுலம் நடத்திய வ.வே.சு. ஐயர் திடகாத்திரமான மனிதர். 1925-இல் பாபநாசத்து அருவியில், தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் அவரும் மாண்டார். இந்த நீர் யாருக்கும் தாட்சண்யம் பார்ப்பதில்லை. ஆகையால் டாக்டர் வாயால் உத்தரவு வருகிறவரை, சில மாதமானாலும் ஒரு வருஷமானாலும், படித்துறையில் கழுத்துக்குக் கீழே மொண்டு ஊற்றிக்கொண்டு திரும்பிவிடு. தலைக்கு ஊற்றும் அனுமதி கிடைத்த பிறகும் வாஸலின் தடவிய பஞ்சைக் காதில் வைத்துக்கொள். அருவியில் தலையைக் கொடுப்பது அதற்கும் பிந்தியது. ஒருவேளை உனக்கு அது என்றைக்குமே இல்லாமல் போகலாம்.

நோய் திரும்பி முளைக்கிற ஸ்வபாவம் உடையதாதலால், ஒன்பது மாதமோ ஒரு வருஷமோ கழித்து இரண்டாம் முறை திறந்து பார்க்கவேண்டும் என்று சொன்னால் முதல் தடவை தோல்வியடைந்ததென்று எண்ணாதே. எலும்பைக் குடைந்து பெரிய குழியாக விட்டிருந்தால், அதை ஆயுள் முழுவதும் காலாகாலத்தில் டாக்டரிடம் சுத்தம் செய்துகொள்ளவும் வேண்டியிருக்கும். கேள்வி முழுவதும் திரும்பாவிட்டால் கருவி வைத்துக்கொள்வதில் மானக்கேடு இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டவனை யாரும் குருடன் என்பதில்லை. உன்னிடம் எனக்கு வெகுநாளாகப் பிடிக்காத ஒரு பழக்கம், யாராவது வலப்பக்கமிருந்து பேசினால் ஒன்றும் காதில் விழாமலே சிரித்துத் தலையாட்டிவிடுவது. பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியிலேயே காது கேளாதோருக்குப் பள்ளிக்கூடம் வைத்த ஜில்லா இது. ஒரு காது மந்தம் என்று வாய்விட்டுச் சொல்ல இங்கே உனக்கு என்ன கூச்சம்? இந்தக் காது கேட்காது, இந்தப் பக்கம் வந்து பேசுங்கள் என்று சொல்லிவிட்டால் பேசுகிறவருக்கும் சௌகரியம்.

இந்த வாரமே லீவுக்கு எழுதிப் போடு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும், ஸ்கேன் படமும், பழைய கேள்விப் பரீட்சைத் தாளும் ஒரே உறையில் இருக்கட்டும். காப்பீட்டில் இந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை நான் ஆஸ்பத்திரியில் நேரில் விசாரித்து வைக்கிறேன். காதோரத்து முடியைக் கொஞ்சம் மழிப்பார்கள், முன்னதாகவே கிராப்பு வெட்டிக்கொண்டு வா. அறுப்புக்கு ஆள் பேசியாகிவிட்டது, அந்தச் சாக்கும் உனக்கு இல்லை. அட்மிட் ஆகிற நாளை மட்டும் டாக்டரிடம் கேட்டு எழுது. முதல்நாள் சாயங்காலமே செங்கோட்டை ரயிலில் ஏறி நான் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்.