செவிக்கெட்டா ஒலியும் அதனை ஆளும் எண்களும்

வௌவால் இருளில் இரை தேடும் முறையை நாம் அறிவோம். மனிதர் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியால் பொருளின் தூரத்தை அஃது உணர்கின்றது. மோட்டார் வண்டிகளின் பின்புறத்தே பொருத்தப்படும் உணர்கருவியும் இதனையே செய்கின்றது. அத்தகைய கருவியை இயக்கும் சில்லுகளுள் ஒன்று, டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தாரின் பி.ஜி.ஏ. 460 என்பது. தமிழ் பயிலும் எமக்கு இதனிடத்துக் கற்பதற்கு யாதுளது என வினவுவாரும் உளர். அளவறிந்து பேசுதலும், பேசியபின் அமைந்து கேட்டலுமே என்பது எமது விடை.

இச்சில்லுக்குக் கட்டளையிடுவன பதிவகங்கள். பதிவகம் என்பது ஓர் எண்ணை எழுதி வைக்கும் சிற்றறை. அதிர்வெண்ணுக்குரிய அறையில் எழுதும் எண்ணை 0.2 ஆல் பெருக்கி 30 ஐக் கூட்டினால், கிலோஹெர்ட்ஸ் கணக்கில் ஒலியின் அதிர்வெண் கிடைக்கும். 40 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமாயின் 50 என்று எழுதுதல் வேண்டும். ஒலி எழுப்பும் தகடு தனக்கியல்பான அதிர்வெண்ணிலேயே உரக்க ஒலிக்குமாதலின், இவ்வெண் பிழைபடின் ஒலி நலிந்துபோம்.

அடுத்தது, ஒரு முறைக்கு எத்தனை துடிப்புகள் என்பது. 31 வரை எழுதலாம். துடிப்புகள் மிகின் ஒலி வலுப்பெற்று நெடுந்தூரம் செல்லும். அங்ஙனமாயின் எப்போதும் மிகுதியாக எழுதினால் என்னை? ஈண்டுக் கணக்கொன்று காண்போம். 40 கிலோஹெர்ட்ஸில் 16 துடிப்புகள் 0.4 மில்லிசெகண்டு நீடிக்கும். அதற்குள் ஒலி ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் சென்றுவிடும். ஆகவே 7 சென்டிமீட்டருக்குட்பட்ட பொருளின் எதிரொலி, கருவி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே திரும்பிவிடுகின்றது. அடித்த மணியைப் போலத் தகடும் சிறிது நேரம் அதிர்ந்துகொண்டிருத்தலின், கேளாத எல்லை இன்னும் விரியும். தொலைவை நாடி உரக்கப் பேசுவது அண்மையிலுள்ளதைக் கேளாது போகின்றது.

இக்குறை நீங்கவே இச்சில்லில் இரு அமைப்புகள் உள. முன்னதில் சில துடிப்புகளை எழுதி அண்மையை ஆராய்வர். பின்னதில் பல துடிப்புகளை எழுதிச் சேய்மையை ஆராய்வர். வௌவாலும் இரையை நெருங்குந்தோறும் தன் ஒலியைக் குறுக்கிக்கொள்கின்றது.

எவ்வளவு நேரம் கேட்பது என்பதற்கும் ஓர் எண் உண்டு. அதனுடன் 1 கூட்டி 4.096 ஆல் பெருக்க, மில்லிசெகண்டு வரும். 7 என்று எழுதினால் 32.768 மில்லிசெகண்டு, இஃது ஐந்து மீட்டருக்குச் சற்று அப்பாலும் சென்று மீளப் போதுமானது.

இனி, எவ்வளவு வலிய ஓசையை எதிரொலியெனக் கொள்வது என்னும் வரம்பை 12 புள்ளிகளால் குறிப்பர். அதிர்வெண் முதலியன நிலைநினைவகத்திற் பதித்தால் மின்சாரம் நின்றாலும் அழியா. வரம்புகளோ அழிந்துவிடும், மின்சாரம் வருந்தோறும் அவற்றை மீள எழுதுதல் வேண்டும். மறந்தால், எதிரொலி வந்தும் பொருளை நம்பத்தக்கவாறு அறிதல் இயலாது.

பின்னோக்கி வரும் வண்டியின் பின்னே ஒரு குழந்தை நிற்றல் கூடும். ஆதலின், நண்பர்காள், சிற்றறையில் எழுதும் எண்ணும் சிறிதன்று.