சொல் வளம் சேர்ப்போம்: பிள்ளைகளின் ஆங்கிலத்துக்குத் தினம் 15 நிமிடம்

 

தம் சிறு வயதில் ராமேஸ்வரம் தீவு முழுவதிலும் ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்று டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் நினைவுகூர்கிறார். அவர் அஹமது ஜலாலுத்தீன். வசதியின்மையால் அதிகம் படிக்க முடியாதவர். ஆனாலும் விண்ணப்பமோ கடிதமோ, யாருக்குத் தேவைப்பட்டாலும் எழுதிக் கொடுத்தார்.

இன்று நம் ஊர்களில் பள்ளிகளும் கல்லூரிகளும் இருக்கின்றன. இருந்தும் வங்கியிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தால், மருத்துவமனை ரிப்போர்ட் வந்தால், வளைகுடா வேலைக்கான ஒப்பந்தம் வந்தால், அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடும் வீடுகள் எத்தனை! ‘டிடக்ஷன்’ என்றால் சம்பளத்தில் பிடித்தம், ‘ப்ரொபேஷன்’ என்றால் தகுதிகாண் காலம், ‘டெர்மினேஷன்’ என்றால் வேலை நீக்கம். இந்த மூன்று சொற்களின் பொருள் தெரியாமல் கையெழுத்திடுபவர், தம் உழைப்பை எந்த நிபந்தனையில் கொடுக்கிறோம் என்றே அறியாமல் விமானம் ஏறுகிறார்.

நம் பிள்ளைகள் பலர் ஆங்கிலப் பாடத்தை உரக்க வாசித்துவிடுகிறார்கள். ‘என்ன படித்தாய்?’ என்று கேட்டால் பதில் வருவதில்லை. எழுத்துக் கூட்டத் தெரியும், சொற்களுக்குப் பொருள் தெரியாது. இந்த நிலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்தால் சில வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்களே தவிர, புதிதாக ஒரு தாளை நீட்டினால் தடுமாறுவார்கள். சொல் வளம் வாசிப்பினால்தான் வரும்.

கலாம் வளர்ந்த வழி

உலகப் போர்ச் செய்திகளை ஜலாலுத்தீன் வாய்மொழியாகச் சொல்ல, சிறுவன் கலாம் அவற்றைப் பிறகு தினமணியின் தலைப்புகளில் தேடுவாராம். எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்ற விடுதலைப் போராட்டக்காரரின் வீட்டில் நிறையப் புத்தகங்கள் இருந்தன. கலாம் அடிக்கடி சென்று இரவல் வாங்கிப் படித்தார். ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்து, 1950இல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு இறுதியாண்டில்தான் ஆங்கில இலக்கியத்தில் நாட்டம் வந்து, டால்ஸ்டாய், ஸ்காட், ஹார்டி ஆகியோரின் நூல்களை விரும்பிப் படித்தார்.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, வாசிப்புப் பழக்கம் தாய்மொழியில் தொடங்கியது. சென்னை எம்.ஐ.டி.யில் படித்தபோதும் தமிழில் கட்டுரை எழுதி முதல் பரிசு பெற்றவர் அவர். தமிழ் வாசிப்பு ஆங்கிலத்துக்குத் தடையல்ல, அதுவே அடித்தளம். இரண்டாவது, தெரிந்த செய்தியை அச்சில் தேடுவது எளிது. இன்றைய செய்தியை முதலில் தமிழ்ப் பத்திரிகையில் படிக்கட்டும். பிறகு அதே செய்தியை ஆங்கிலப் பத்திரிகையில் படிக்கட்டும். பாதிச் சொற்கள் தாமே விளங்கும்.

1. எளிய புத்தகத்தில் தொடங்குங்கள்

துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள, 100 சொற்களில் ஏறத்தாழ 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது மொழி ஆய்வாளர்களின் கணக்கு. 100 சொற்களில் ஐந்துக்கு மேல் தெரியாதவை வந்தால், அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை நான்காம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தைப் படிப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்களுக்காக இந்த வழியைத்தான் கையாண்டார். அரிய சொற்களை நீக்கி, புழக்கத்தில் உள்ள சொற்களால் வாசிப்பு நூல்கள் எழுதினார். அவர் 1953இல் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2000 சொற்களே உள்ளன. சாதாரண ஆங்கில எழுத்தில் 100க்கு ஏறத்தாழ 80 சொற்கள் அந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும்.

2. சொல்லைக் குடும்பத்தோடு கற்றுக்கொள்ளுங்கள்

கிதாப், காதிப், மக்தப் மூன்றும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்பது மதரஸா பிள்ளைகளுக்குத் தெரியும். ஆங்கிலத்திலும் அப்படித்தான். ‘எம்ப்ளாய்’ என்றால் வேலைக்கு அமர்த்து, ‘எம்ப்ளாயர்’ வேலை கொடுப்பவர், ‘எம்ப்ளாயீ’ வேலை செய்பவர், ‘எம்ப்ளாய்மென்ட்’ வேலைவாய்ப்பு. ஒரு வேரைப் பிடித்தால் நான்கு சொற்கள் கிடைக்கும்.

நமக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களும் ஆங்கிலத்தில் உண்டு. நம் கடற்கரையின் கட்டுமரம் அங்கே ‘கட்டமரான்’. அரபியில் பருவத்தைக் குறிக்கும் ‘மவ்சிம்’ அங்கே ‘மான்சூன்’. அரபியின் ‘சுக்கர்’ ‘சுகர்’ ஆகவும், ‘குத்ன்’ ‘காட்டன்’ ஆகவும் ஆயின. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் அந்நிய மொழி என்ற அச்சம் குறையும்.

3. திரும்பத் திரும்பப் பாருங்கள்

ஹிஃப்ழ் மாணவர் இன்றைய பாடத்தை மட்டும் ஓதுவதில்லை. நேற்றைய பாடத்தையும் பழைய ஜுஸ்உகளையும் சேர்த்தே ஓதுகிறார். இல்லையென்றால் மறந்துவிடும். சொற்களுக்கும் அதே முறைதான். ஒரு நாளைக்கு ஐந்து புதிய சொற்கள் போதும். தனிச் சொல்லாக எழுதாமல், படித்த வாக்கியத்தோடு நோட்டில் எழுதட்டும். மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து மீண்டும் பார்க்கட்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

இஷாவுக்குப் பின் 15 நிமிடம் ஒதுக்குங்கள். அந்த நேரம் செல்போன் யார் கையிலும் வேண்டாம். நிமிடத்துக்கு 60 சொற்கள் மட்டுமே படிக்கும் பிள்ளைகூட ஒரு நாளில் 900 சொற்களைக் கடக்கும். ஓர் ஆண்டில் அது 3 லட்சத்துக்கும் மேல்!

ஆங்கிலம் தெரியாத உம்மாவும் உதவலாம். ‘இன்று படித்ததைத் தமிழில் சொல்லு’ என்று கேட்டாலே போதும். பிள்ளை புரிந்து படித்ததா என்பது தெரிந்துவிடும். கல்லூரியில் படிக்கும் காக்காவோ ராத்தாவோ வாரம் ஒரு நாள் தம்பி தங்கைகளின் நோட்டைப் பார்க்கட்டும்.

புத்தகத்துக்குப் பெரிய செலவு இல்லை. ஊர்ப்புற நூலகத்திலும் ராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்திலும் உறுப்பினராகலாம். பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில், படிநிலை வாரியாகக் கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. துலிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் உள்ள படக்கதை நூல்களை வெளியிடுகிறது. படித்து முடித்த புத்தகங்களைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். கலாம் படித்ததும் இரவல் புத்தகங்களைத்தான்.

நபி (ஸல்) அவர்களுக்கு வந்த முதல் வஹீயின் முதல் சொல்லே ‘இக்ரஃ’. அந்த உம்மத்தின் பிள்ளைகள் ஒரு தாளைப் படிக்க அடுத்தவர் வாசலில் நிற்கக் கூடாது. அடுத்தவருக்குப் படித்துச் சொல்பவர்களாக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் உருவாகட்டும். இன்று இரவே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.