வெயிலில் மங்கும் திரை, விரைவில் தீரும் மின்கலம்

மாணவர்களே, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த நாள்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டிலிருந்தே கற்றல் கற்பித்தல் நடந்த அந்தக் காலத்தில், சுங்கை காடுட் வட்டாரத் தோட்டம் ஒன்றிலிருந்து என் இயங்கலை வகுப்புக்கு ஒரு மாணவன் வருவான். காலைப் பாடங்களில் ஒழுங்காக இருப்பான். மதியம் 1.15-க்கு என் அறிவியல் பாடம் தொடங்கும்போது மட்டும் காணாமல் போய்விடுவான். மூன்று நாள் பார்த்தேன். மட்டம் போடுகிறான் என்று முடிவு செய்து, வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று குறித்தேன்.

நான்காம் நாள் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "சார், வீட்டுக்குள்ள லைன் கிடைக்கல. வெளியில மரத்தடியில உட்கார்ந்தா திரை தெரியல. வெளிச்சத்தை முழுசா கூட்டி வைப்பேன். ஒரு மணிக்கெல்லாம் பேட்டரி முடிஞ்சிடுது சார்" என்றான்.

தவறு அவனுடையது அன்று. அவன் மின்கலத்தின் சக்தி எங்கே போனது என்பதைத்தான் இந்த வாரம் கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும்?

பாடநூலில் 'தெனாகா' என்று படிப்பது சக்தி. 'குவாசா' என்று படிப்பது திறன். ஒரு விநாடியில் எவ்வளவு சக்தி செலவாகிறது என்பதே திறன். அதன் அலகு வாட். மின்கலத்தில் எவ்வளவு சக்தி அடங்கியுள்ளது என்பதை வாட்-மணி என்ற அலகில் சொல்வார்கள்.

மடிக்கணினியின் மின்கலத்தில் ஒட்டியிருக்கும் சிட்டையைப் பாருங்கள். 11.4 வோல்ட், 3.5 ஆம்பியர்-மணி என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள். ஏறத்தாழ 40 வாட்-மணி கிடைக்கும். அதைக் கணினி இழுக்கும் திறனால் வகுத்தால், அது எத்தனை மணி நேரம் ஓடும் என்பது தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, ஒரு சிறிய மடிக்கணினியில் முழு வெளிச்சத்தில் திரைக்கு 4 வாட், மற்ற எல்லா உறுப்புகளுக்கும் சேர்த்து 4 வாட் என்று கொள்வோம். மொத்தம் 8 வாட். 40-ஐ 8-ஆல் வகுத்தால் 5 மணி நேரம். காலை 8 மணிக்குத் திறந்தால் மதியம் 1 மணிக்கு அணைந்துவிடும்!

இப்போது திரையின் ஒளியைப் பாதியாகக் குறையுங்கள். திரைக்கு ஏறத்தாழ 2 வாட் போதும். மொத்தம் 6 வாட். 40-ஐ 6-ஆல் வகுத்தால் 6 மணி 40 நிமிடம். கணினி பிற்பகல் 2.40 வரை ஓடும். மின்கலம் அதேதான், கூடுதலாகக் கிடைத்தது 1 மணி 40 நிமிடம்.

இதே 2 வாட்டை ஒரு பெரிய விளையாட்டுக் கணினியில் மிச்சப்படுத்தினால் என்ன ஆகும்? அதன் மற்ற உறுப்புகள் 20 வாட் இழுப்பதாகக் கொண்டால், அதே 40 வாட்-மணி மின்கலத்தில் கிடைக்கும் கூடுதல் நேரம் சுமார் 9 நிமிடம்தான். சிறிய மடிக்கணினியின் செலவில் திரைக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் குறைந்த திறனில் இயங்கும் திரை சிறிய கணினிக்கு மிக முக்கியமாகிறது.

திரைக்குள் ஒளி படும் பாடு

பெரும்பாலான மடிக்கணினிகளில் இருப்பது திரவப் படிகத் திரை. திரவப் படிகம் தானாக ஒளிராது. அதன் பின்னால் ஒரு வெள்ளை விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அந்த ஒளி நம் கண்ணுக்கு வருமுன் பல தடைகளைத் தாண்ட வேண்டும்.

முதலில் ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் படலம். இதில் பாதி ஒளி போய்விடும். அடுத்து நிற வடிகட்டி. சிவப்புப் புள்ளி சிவப்பை மட்டும் விட்டு, பச்சையையும் நீலத்தையும் உறிஞ்சிவிடும். மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். பாதியில் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஆறில் ஒரு பங்கு. புள்ளிகளுக்கு இடையே ஓடும் மின்சுற்றுக் கோடுகளும் கொஞ்சம் மறைக்கின்றன. கடைசியில் நம் கண்ணை அடைவது பின்விளக்கின் ஒளியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி எல்லாம் உள்ளேயே வெப்பமாகிறது.

இங்கே பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. பின்னணியைக் கறுப்பாக மாற்றினால் மின்கலம் மிச்சமாகும் என்பார்கள். கறுப்புப் புள்ளி ஒளிராமலே இருக்கும் ஓலெட் திரைக்கு அது பொருந்தும். திரவப் படிகத் திரையில் படம் கறுப்பானாலும் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் பெரிய பயன் இல்லை.

சூரியனோடு போட்டி வேண்டாம்

நண்பகல் நேரடி வெயிலில் பிடித்த வெள்ளைத்தாள், சாதாரண மடிக்கணினித் திரையின் முழு வெளிச்சத்தைவிட ஏறத்தாழ 100 மடங்கு பிரகாசமானது. எவ்வளவு மின்சாரம் கொட்டினாலும் அந்தத் திரை சூரியனை வெல்லாது.

அப்படியானால் சூரிய ஒளியையே விளக்காகப் பயன்படுத்தினால் என்ன? 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்ற திட்டத்தினர் இதைத்தான் செய்தார்கள். நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005-இல் அறிவித்த இத்திட்டம், மின்வசதி குறைந்த நாடுகளின் பிள்ளைகளை மனத்தில் வைத்தது. 2007 இறுதியில் பேரளவு உற்பத்திக்கு வந்த அதன் எக்ஸ்ஓ-1 கணினிக்குத் திரையை வடிவமைத்தவர் மேரி லூ ஜெப்சன் என்ற பொறியாளர்.

அந்தத் திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு பகுதி ஒளியை ஊடுருவ விடும். இன்னொரு பகுதி கண்ணாடிபோல் பிரதிபலிக்கும். வீட்டுக்குள் பின்விளக்கைப் போட்டால் வண்ணப் படம் தெரியும். வெயிலில் விளக்கை அணைத்தால் சூரிய ஒளி பட்டுத் திரும்பி, கறுப்பு வெள்ளையில் எழுத்து தெளிவாகத் தெரியும். அப்போது திரைக்குத் தேவைப்பட்டது ஏறத்தாழ 0.1 முதல் 0.2 வாட்தான். நம் எடுத்துக்காட்டுக் கணினியில் திரைக்கு 0.2 வாட் என்று போட்டுப் பாருங்கள்: 40-ஐ 4.2-ஆல் வகுத்தால் ஒன்பதரை மணி நேரம்!

அதில் இன்னொரு நுட்பமும் இருந்தது. நீங்கள் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது கணினியின் செயலிக்கு வேலை இல்லை. அதை உறங்கவிட்டு, திரையில் உள்ள படத்தை மட்டும் காத்து நிற்க ஒரு தனிச் சில்லு வைத்தார்கள்.

இந்தியாவில் மகாராஷ்டிராவின் கைராட் என்ற கிராமத்துப் பள்ளியில் 2007-இல் இக்கணினிகள் சோதனை முறையில் வழங்கப்பட்டன. ஜெப்சன் பின்னர் தொடங்கிய நிறுவனத்தின் இதே வகைத் திரை, பெங்களூரில் உருவான 'ஆடம்' என்ற கைக்கணினியிலும் 2011-இல் வந்தது. ஆனால் இவ்வகைத் திரையின் நிறங்கள் சாதாரணத் திரையின் அளவுக்குப் பளிச்சென்று இருக்கவில்லை. இன்று நம் கைக்கு வரும் கணினிகளில் அதைக் காண முடிவதில்லை. 2021-இல் நம் நாட்டில் 'செர்டிக்' திட்டத்தின்கீழ் குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளைகளுக்கு 150,000 கருவிகளை வழங்கும் பணி தொடங்கியது. கருவி கைக்கு வந்துவிட்டாலும், அதன் சக்தியை அளந்து செலவிடுவது நம் பொறுப்பு.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

கருதுகோள்: திரையின் வெளிச்சம் கூடினால் மின்கலம் விரைவாகத் தீரும்.

தற்சார்பு மாறி: திரையின் வெளிச்ச அளவு.
சார்பு மாறி: ஒரு மணி நேரத்தில் குறைந்த மின்கல விழுக்காடு.
கட்டுப்படுத்தப்பட்ட மாறி: ஒரே கணினி, ஒரே ஆவணம், இணையத் தொடர்பு அணைக்கப்பட்ட நிலை.

முழு மின்னூட்டத்தில் தொடங்குங்கள். முதல் நாள் முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம், மறுநாள் பாதி வெளிச்சத்தில் ஒரு மணி நேரம். இரண்டையும் அட்டவணையில் எழுதி ஒப்பிடுங்கள். திரை தானாக அணைவதையும், வெளிச்சம் தானாக மாறுவதையும் முன்பே நிறுத்திவிட மறவாதீர்கள்.

சிந்திக்க

1. 30 வாட்-மணி மின்கலம், 7.5 வாட் இழுக்கும் கணினி. எத்தனை மணி நேரம் ஓடும்?
2. எக்ஸ்ஓ-1 திரையில் அகலவாக்கில் 1200, உயரவாக்கில் 900 புள்ளிகள். மூலைவிட்டம் 7.5 அங்குலம். பித்தாகரஸ் தேற்றத்தைக் கொண்டு ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் எனக் காண்க.

விடை: 1) 4 மணி நேரம். 2) மூலைவிட்டத்தில் 1500 புள்ளிகள், அங்குலத்துக்கு 200.

அந்த மாணவன் என்ன செய்தான்? மரத்தடியை விட்டுத் தோட்டத்துப் பொது மண்டபத்தின் ஐந்தடிக்கு மாறினான். முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்ததால் வானத்து வெளிச்சம் திரையில் பட்டுக் கண்ணைக் கூசவில்லை. திரையின் வெளிச்சத்தைப் பாதியாக்கினான். ஆசிரியர் பேசுவதைக் கேட்க மட்டும் வேண்டிய நேரத்தில் திரையை அணைத்துவிட்டான். அடுத்த நாள் 2 மணிக்கு என் பாடம் முடியும்வரை இருந்தான். பழைய மூன்று நாள் பதிவையும் நான் திருத்தினேன்.