மலையேறும் பஸ்ஸும் ஒரு சிறு கணக்கும்

சாமுண்டி மலைக்கு பஸ்ஸில் போகும்போது, வளைவுகளில் முன்னே திணறும் பழைய வண்டியின் புகை நம் ஜன்னலுக்குள் வந்தே தீரும். தாய்மார்கள் முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புகைக்கு மாற்று என்ன என்பதை, நம் பள்ளிப் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கால் விளக்க முயல்கிறேன்.

டீசலை ஒரேயடியாகக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ரயில்வேயில் முப்பது வருடத்துக்கு மேல் அதோடுதான் என் பிழைப்பு. எரிபொருளும் முன்போல் இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அதற்கு முன் 50 வரை அனுமதி. டெல்லியில் 1998-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, நகர பஸ்களை சி.என்.ஜி. வாயுவுக்கு மாற்ற வைத்தது. அதில் பெரும்பகுதி மீத்தேன். ஒரு கார்பனுக்கு நான்கு ஹைட்ரஜன்; ஆகவே கரும்புகை மிகக் குறைவு. இருந்தும் இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இறக்கத்தில் எதுவும் திரும்பக் கிடைக்காது.

கணக்குக்கு வருவோம். ஆட்களோடு பஸ்ஸின் எடை 15 டன், மலையின் உயரம் நகரிலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் என்று வையுங்கள். 15,000 × 9.8 × 300 = சுமார் 4.4 கோடி ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். ஆக, உயரம் ஏறுவதற்கு மட்டும் 12 யூனிட் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் வெப்பம் இருந்தாலும் சக்கரத்துக்கு வருவது மூன்றில் ஒரு பங்குதான். எனவே மூன்றரை லிட்டர் போல செலவாகும். இறங்கும்போது அந்த 12 யூனிட்டும் பிரேக்கில் சூடாகிப் போகும்.

மின்சார பஸ்ஸில் இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகி பேட்டரியை நிரப்பும். பாதி கிடைத்தாலும் 6 யூனிட். எங்கள் டீசல் எஞ்சினிலும் மோட்டார் பிரேக் உண்டு. வந்த மின்சாரத்தை ரெசிஸ்டரில் சூடாக்கிக் காற்றில் விட்டோம், வேறு வழியில்லை! 2022 நவம்பரில் ஓடத் தொடங்கிய சென்னை–மைசூர் வந்தே பாரத் அதையே மேல்கம்பிக்குத் திருப்பித் தருகிறது. 2023-இல் பெங்களூர்–மைசூர் சாலையிலும் அரசு மின்சார பஸ் வந்துவிட்டது.

“மின்சாரம் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். 1902-இல் சிவசமுத்திரத்துக் காவிரி நீர் தந்த மின்சாரம் கோலார் தங்கவயலுக்குப் போயிற்று. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் நம்மவர்கள் எத்தனையோ பேர். அது புகையில்லாத மின்சாரம். ஆனால் ராய்ச்சூரில் இன்றும் நிலக்கரி எரிகிறது. அந்த மின்சாரத்தில் பஸ் ஓட்டினால், நம் தெருவில் குறைந்த புகையில் ஒரு பங்கு அங்கேயுள்ள பிள்ளைகளுக்குப் போகும். இதை மறைத்துப் பேசுவது சரியல்ல.

பவகடாவில் 2,050 மெகாவாட் சூரிய மின்பூங்கா இருக்கிறது. அது பகலில்தான் வேலை செய்யும். பஸ்களை இரவு முழுதும் டிப்போவில் சார்ஜ் செய்வதைவிட, கூட்டம் குறையும் மதியம் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் முறை வைத்துச் செய்தால் அந்த வெயில் நம் பஸ்ஸுக்கு வரும். கால அட்டவணையைத்தான் கொஞ்சம் மாற்றி எழுதவேண்டும்.